"சார், ஒரு சின்ன பிரச்சினை..."

ஏப்ரல், மே வந்தா எனக்கு வர்ற கேள்வியில பாதி ஒரே கேள்விதான். "மேம், இந்த வருஷம் ஹைக் ரொம்ப கம்மி. எஸ்ஐபியைக் குறைக்கலாமா?" எஸ்ஐபி கணக்கை வீடியோல பல தடவை போட்டுப் பார்த்துட்டோம். இன்னைக்கு அதுக்கு ஒரு படி முன்னாடி போறேன். உங்க ஹைக்கைப் பாதிக்கிற, ஆனா எந்த அப்ரைசல் ஃபார்ம்லயும் தனி கட்டம் இல்லாத ஒரு விஷயம். தப்பு நடந்தா, வேலை தாமதமானா, அதை மேனேஜர்கிட்ட எப்போ, எப்படி சொல்றீங்க?

இதைப் பத்தி எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்டா, நான் இதுல ஃபெயில் ஆனவ. எவ்வளவுக்கு ஃபெயில் ஆனேன்னு ரூபாய்க் கணக்கோட சொல்றேன்.

2017. சிஏ முடிச்சு முதல் வேலை. கோவையில ஒரு தயாரிப்புக் கம்பெனியோட ஃபைனான்ஸ் டீம். ஜூலைல ஜிஎஸ்டி வந்திருந்த நேரம். அந்த ரெண்டு மாசம் ஃபைனான்ஸ்ல இருந்தவங்களுக்குத் தெரியும், டீ குடிக்கக்கூட கீழே இறங்க முடியாது. எனக்கு ஒதுக்கின வேலையில ஒண்ணு, மாசாமாசம் 7-ம் தேதிக்குள்ள டிடிஎஸ் கட்டறது. போன மாசம் கான்ட்ராக்டர், வாடகை, புரொஃபஷனல் ஃபீஸ்னு பணம் கொடுக்கும்போது பிடிச்ச வரியை இந்த மாசம் 7-க்குள்ள அரசாங்கத்துக்குக் கட்டணும்.

செப்டம்பர் 7 அன்னைக்கு நாலு சலான். நெட்பேங்கிங்ல நான் போடணும், அப்புறம் அப்ரூவலுக்கு அனுப்பணும், மேனேஜர் அப்ரூவ் பண்ணணும். மூணு போயிடுச்சு. நாலாவது, கான்ட்ராக்டர் டிடிஎஸ் 4,12,000 ரூபாய், என் பக்கத்துலயே டிராஃப்டா தங்கிடுச்சு. நான் அப்ரூவலுக்கு அனுப்பவே இல்ல. சாயங்காலம் மேனேஜர் கேட்டார், "டிடிஎஸ் முடிஞ்சுதா?" "முடிஞ்சுது சார்."

11-ம் தேதி, திங்கக்கிழமை, பேங்க் ஸ்டேட்மென்ட்டை டிக் பண்ணும்போது கண்ணுல பட்டுச்சு. நாலுல மூணுதான் டெபிட் ஆகியிருக்கு.

இங்க ஒரு சின்ன கணக்கு. பிடிச்ச டிடிஎஸ்ஸை லேட்டா கட்டினா மாசத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. மாசத்துல ஒரு நாள் தொட்டாலும் அது முழு மாசம். அதுவும் கடைசித் தேதியிலிருந்து இல்ல, பிடிச்ச தேதியிலிருந்து. அதனால ஆகஸ்ட்ல பிடிச்சு செப்டம்பர் 8 கட்டினாலே, அதாவது ஒரே ஒரு நாள் லேட் ஆனாலே, ஆகஸ்ட், செப்டம்பர்னு ரெண்டு மாச வட்டி. 3 சதவீதம். என் விஷயத்துல 12,360 ரூபாய். 11-ம் தேதி எனக்குத் தெரிஞ்சப்போ அந்த நஷ்டம் ஏற்கனவே நடந்து முடிஞ்சிருந்தது. அன்னைக்கே சொல்லியிருந்தா, ஏன், செப்டம்பர் 30 வரைக்கும் எப்போ சொல்லியிருந்தாலும், அதுக்கு மேல ஒரு ரூபாய் கூடியிருக்காது.

நான் அக்டோபர் 24 அன்னைக்குதான் சொன்னேன்.

43 நாள். நடுவுல தீபாவளி வந்துச்சு, கம்பெனியில ஸ்வீட் பாக்ஸும் போனஸும் கொடுத்தாங்க, வாங்கிட்டு ஊருக்குப் போனேன். போனஸை வாங்கும்போது கை கூசுச்சு. ஆனாலும் சொல்லல. கடைசியில சொன்னதுகூட மனசாட்சியால இல்ல. 31-ம் தேதிக்குள்ள அந்தக் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன் போடணும், சலான் நம்பர் இல்லாம போட முடியாது. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் சொன்னேன்.

மூணு மாச வட்டி ஆச்சு. 18,540. அதாவது என் மௌனத்தோட நேரடி விலை 6,180 ரூபாய். பெரிய கம்பெனிக்கு இது ஒண்ணுமே இல்ல. நானும் அப்படித்தான் நினைச்சேன். மேனேஜர் கத்தவே இல்ல. அன்னைக்கு சாயங்காலமே பணத்தைக் கட்ட வெச்சார். அப்புறம் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்டார்: "ஏம்மா, பிடிச்ச டிடிஎஸ்ஸைக் கட்டலைன்னா கேஸ் யார் மேல வரும் தெரியுமா?"

தெரியும். பரீட்சைக்குப் படிச்சதுதானே. பிடிச்ச வரியைக் கட்டாம வெச்சிருந்தா ஜெயில் தண்டனைக்கே சட்டத்துல இடம் உண்டு. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்க கம்பெனியும் அதை நடத்துற டைரக்டரும். ஒரு மாசம் ரெண்டு மாசத் தாமதத்துக்கு யாரையும் தூக்கி உள்ள வைக்க மாட்டாங்கதான். ஆனா ரிஸ்க் இருந்தது டைரக்டர் தலை மேல. அது அவருக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. 43 நாளா "இது பரவாயில்ல"ன்னு அவங்க சார்பா முடிவு எடுத்துட்டு இருந்தது நான். 25 வயசு, வேலையில சேர்ந்து ஏழு மாசம்.

அதுக்கப்புறம் ஆறு மாசம் ஒவ்வொரு 5-ம் தேதியும் எல்லா சலானையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் அவர் டேபிள் முன்னாடி நிக்கணும். ஒவ்வொண்ணா பார்ப்பார். அந்த வருஷ ஹைக் எனக்கு 6 சதவீதம். என்னோட சேர்ந்த, என்னைவிட ஒண்ணும் அதிகமா கிழிக்காத பக்கத்து சீட்டுக்கு 14. என் சிடிசி அப்போ ஆறரை லட்சம். 8 சதவீத வித்தியாசம்னா வருஷத்துக்கு 52,000. அடுத்த வருஷ ஹைக்கும் அந்தக் குறைஞ்ச தொகை மேலதான் கணக்காகும். ஆக, 12,360 ரூபாய்த் தப்பை மறைக்கப் போய் நான் என்ன விலை கொடுத்தேன்னு நீங்களே கூட்டிப் பார்த்துக்கோங்க.

ஏன் சொல்ல மாட்டேங்கறோம்

பயம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம். ஆனா என்னைக் கேட்டா அதுல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, திட்டு விழும்ங்கிற பயம். இது ஒரு மணி நேரத்துல போயிடும். இன்னொண்ணு, "நான் நல்லா வேலை செய்யறவ"ங்கிற பேர் போயிடுமோங்கிற பயம். படிக்கிற காலத்துல நல்ல மார்க் வாங்கினவங்களுக்கு இது ரொம்ப அதிகம். பரீட்சையில தப்பான விடையை மறைக்கத் தேவையே இல்ல, யாரோ திருத்தி மார்க் போட்டுடுவாங்க. ஆபீஸ்ல நம்ம தப்பை நாமளே எடுத்துட்டுப் போய்க் கொடுக்கணும். அதுக்கு யாரும் நமக்குப் பழக்கம் கொடுக்கல.

நம்ம பேச்சும் இதுக்கு நல்லா ஒத்துழைக்கும். வீட்டுல குழம்புல உப்பு அள்ளிக் கொட்டினது நாமதான், ஆனா "உப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு"ம்போம். உப்பு தானா ஆயிடுச்சு! ஆபீஸ்லயும் அப்படியே. "மிஸ் ஆயிடுச்சு சார்." "டிலே ஆகுது சார்." யார் மிஸ் பண்ணாங்க, யாரால டிலேன்னு அந்த வாக்கியத்துல ஆளே இருக்க மாட்டாங்க. அப்புறம் "பண்ணிட்டே இருக்கேன் சார்" இருக்கு. இதுக்கு அர்த்தம் இன்னும் ஆரம்பிக்கலைன்னு நமக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். "ஆல்மோஸ்ட் முடிஞ்சுது"ன்னா பாதி. "ட்ரை பண்றேன்"னா முடியாது.

எல்லாத்துக்கும் மேல, "சார், ஒரு சின்ன பிரச்சினை". இது வர்றப்போ பிரச்சினை சின்னதா இருந்து நான் பார்த்ததில்ல.

இந்த மாதிரி மழுப்பிப் பேசறது எவ்வளவு தூரம் போகும்னு காட்ட, விமானத் துறையில அடிக்கடி சொல்லப்படற ஒரு சம்பவம் இருக்கு. 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52. போயிங் 707. மோசமான வானிலை, ஏகப்பட்ட டிராஃபிக். மூணு இடத்துல வட்டமடிக்கச் சொல்லி மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல காக்க வெச்சாங்க. எரிபொருள் தீர்ந்துட்டே வருது. முதல் தடவை இறங்க முயற்சி பண்ணி முடியாம மறுபடி மேல ஏறினாங்க. கேப்டன் துணை விமானிகிட்ட, எமர்ஜென்சின்னு அவங்ககிட்ட சொல்லுன்னு ஸ்பானிஷ்ல சொல்றார். துணை விமானி கன்ட்ரோலருக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்லும்போது, வாங்கின உத்தரவைத் திருப்பிச் சொல்லிட்டு, கடைசியில எரிபொருள் தீர்ந்துட்டு வருதுன்னு ஒட்ட வெச்சார். "எமர்ஜென்சி"ங்கிற வார்த்தையைச் சொல்லவே இல்ல. சொல்லிட்டியான்னு கேப்டன் மறுபடி கேட்டப்போ, சொல்லிட்டேன் சார்னு பதில். அந்த வார்த்தையைக் கேட்டிருந்தா கன்ட்ரோலர் மத்த விமானத்தை எல்லாம் ஒதுக்கி இவங்களுக்கு வழி விட்டிருக்கணும். கேட்கல, அதனால இவங்களையும் பத்தோட பதினொண்ணா இன்னொரு சுத்து விட்டார். நாலு இன்ஜினும் நின்னு, லாங் ஐலண்ட்ல ஒரு மலைச்சரிவுல விழுந்துச்சு. 158 பேர்ல 73 பேர் இறந்தாங்க. விசாரணை பண்ண அமெரிக்க அமைப்பு சொன்ன காரணங்கள்ல முக்கியமானது, எரிபொருள் அவசரநிலையை விமானிகள் கன்ட்ரோலருக்குத் தெரிவிக்கலைங்கிறது.

துணை விமானி பொய் சொல்லல பாருங்க. அவரைப் பொறுத்தவரை சொல்லிட்டார். நாமும் அப்படித்தான், "நான் அன்னைக்கே மெயில் போட்டேனே மேம்"னு சொல்லுவோம். மெயிலைத் திறந்து பார்த்தா, ஏழாவது வரியில, ரெண்டு அப்டேட்டுக்கு நடுவுல, "சில டேட்டா இன்னும் பெண்டிங்"னு இருக்கும்.

அப்போ எப்படித்தான் சொல்றது

நான் 11-ம் தேதி அனுப்பியிருக்கக்கூடிய ரெண்டு மெசேஜ் எழுதறேன். முதல்ல, நான் உண்மையிலேயே டைப் பண்ணி அனுப்பாம அழிச்சது:

"சார், டிடிஎஸ் விஷயமா ஒரு சின்ன டவுட். ஃப்ரீயா இருக்கும்போது சொல்லுங்க."

இதைப் படிக்கிறவருக்கு என்ன தெரியும்? ஒண்ணுமே தெரியாது. அவர் ஃப்ரீ ஆகவே மாட்டார், எனக்கும் "நான் சொல்ல ட்ரை பண்ணேனே"ன்னு ஒரு சமாதானம் கிடைச்சிடும். இப்போ ரெண்டாவது:

"சார், ஆகஸ்ட் கான்ட்ராக்டர் டிடிஎஸ் 4,12,000 இன்னும் கட்டலை. சலானை அப்ரூவலுக்கு அனுப்ப நான் மறந்துட்டேன், இன்னைக்குதான் கவனிச்சேன். வட்டி 12,360 வரும். வட்டியோட சலான் ரெடி பண்ணி இப்போ உங்க அப்ரூவலுக்கு வெச்சிருக்கேன். இன்னைக்கே அப்ரூவ் பண்ணா வட்டி இதோட நிக்கும். மத்த மூணு சலானும் பேங்க்ல டெபிட் ஆயிருக்கு, பார்த்துட்டேன்."

இதுல கவனிக்க வேண்டியது, "நான் மறந்துட்டேன்" ஒரே ஒரு தடவைதான் வருது. சாரி பத்து தடவை இல்ல. நிறைய பேர் தப்பை ஒப்புக்கறதா நினைச்சு, சாரி சார், வெரி சாரி சார், தூக்கமே வரல சார்னு கொட்டுவாங்க. அப்புறம் மேனேஜர் பிரச்சினையைப் பார்க்கறதை விட்டுட்டு உங்களைத் தேத்த வேண்டியிருக்கும். எவ்வளவு, எப்போ வரைக்கும் டைம், அவர்கிட்ட இருந்து என்ன வேணும், இதெல்லாம் முதல் மூச்சுலயே வந்துடணும்.

கடைசி வரிதான் எனக்குப் பிடிச்ச வரி. ஒரு தப்பு தெரிஞ்சதும் கேட்கிறவர் மனசுல உடனே வர்ற கேள்வி, "இது மட்டும்தானா, இன்னும் இருக்கா?" அதை நீங்களே பார்த்துட்டு வந்து சொன்னா அவருக்குப் பாதி டென்ஷன் குறையும். ஆனா பார்க்காம "வேற எதுவும் இல்ல சார்"னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டாவது தப்பு வெளியே வந்தா முதல் தப்பைச் சொன்ன நல்ல பேரும் சேர்ந்து போயிடும்.

எல்லா விவரமும் கிடைக்கற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். "எவ்வளவு வட்டின்னு கணக்குப் போட்டுட்டு 4 மணிக்குச் சொல்றேன், ஆனா கட்டலைங்கிறது உறுதி" போதும். பெரிய விஷயம்னா நேர்ல, இல்லன்னா போன்ல. பேசி முடிச்சதும் அதையே நாலு வரியில மெயில். இந்த வரிசை முக்கியம். முதல்ல மெயில் போட்டுட்டு, படிச்சிருப்பாரா மாட்டாரான்னு அவர் கேபினையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறதுக்குப் பேரு சொல்றது இல்ல.

ஐடில இருக்கறவங்களுக்கு டிடிஎஸ் உதாரணம் ஒட்டாம இருக்கலாம். உங்களுக்கு வெள்ளிக்கிழமை டெலிவரி. செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியுது, முடியாது. ஸ்டாண்ட்அப்ல கேட்கும்போது "ஆன் டிராக்"ங்கறீங்க. செவ்வாய் சொன்னா உங்க லீடுக்கு நாலு வழி இருக்கு. இன்னொரு ஆளைப் போடலாம், ஒரு ஃபீச்சரை அடுத்த ரிலீசுக்குத் தள்ளலாம், கிளையன்ட்கிட்ட தேதி மாத்திப் பேசலாம், இல்ல நீங்க எங்க மாட்டிட்டு இருக்கீங்கன்னு பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாம். வியாழன் ராத்திரி 9 மணிக்குச் சொன்னா அவருக்கு இருக்கறது ஒரே வழி, கிளையன்ட்கிட்ட மன்னிப்புக் கேட்கறது. அப்ரைசல் நேரத்துல ரேட்டிங்கை அவர் தனியா உட்கார்ந்து போடறதில்ல. மத்த மேனேஜர்களோட, எச்ஆரோட ஒரு மீட்டிங் இருக்கும். அங்க உங்களுக்காகப் பேச அவருக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா பெரிசு. அந்த ரெண்டு நிமிஷத்துல அவருக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த வியாழன் ராத்திரியாத்தான் இருக்கும்.

சின்னதா ஆரம்பிக்கிறது எப்படி வளரும்னு சொல்ல எங்க தொழில்ல எல்லாரும் எடுக்கற உதாரணம் சத்யம். 2009 ஜனவரி 7 அன்னைக்கு ராமலிங்க ராஜு போர்டுக்கு எழுதின கடிதத்துல, இல்லாத ரொக்கமும் பேங்க் இருப்பும் 5,040 கோடின்னு ஒத்துக்கிட்டார். உண்மையான லாபத்துக்கும் புத்தகத்துல காட்டினதுக்கும் இருந்த வித்தியாசம் முதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு, வருஷாவருஷம் வளர்ந்து கை மீறிப் போச்சுன்னு அதே கடிதத்துல இருக்கு. அது மோசடி, உங்க என் தப்பு மாதிரி இல்ல, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கல. ஆனா "அடுத்த மாசம் சரி பண்ணிடலாம்"ங்கிற அந்த நினைப்பு எனக்கு அந்த 43 நாளும் நல்லாவே பழக்கமா இருந்துச்சு.

நீங்களே டீம் லீடுன்னா

இதைப் படிக்கிறதுல நிறைய பேருக்கு 27, 28 வயசுலயே கீழ மூணு நாலு பேர் வந்திருப்பாங்க. உங்களுக்கு விஷயம் தலைகீழ். உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லாம இருக்கறதுதான் இப்போ உங்க ரிஸ்க்.

நான் சொந்தமா பிராக்டீஸ் ஆரம்பிச்ச முதல் வருஷம். ஒரு ஆர்ட்டிகிள் பையன், ஒரு கிளையன்ட்டோட டிசம்பர் அட்வான்ஸ் டாக்ஸை தப்பான வருஷத்துல கட்டிட்டான். அடிக்கடி நடக்கற தப்புதான். சீக்கிரம் கண்டுபிடிச்சா சுலபமா திருத்திக்கலாம், அதுக்கு நாள் கணக்கு உண்டு. அது தாண்டினா அதிகாரிக்கு மனு எழுதி அலையணும். பையன் ரெண்டாவது நாளே வந்து சொன்னான். நான் என்ன பண்ணியிருக்கணும்? நான் பண்ணது, நாலு பேர் முன்னாடி கத்தினது. "வருஷத்தைக்கூட பார்க்க மாட்டியா?" கோவையில அந்த சார் என்னைக் கத்தாம விட்டது அந்த நேரத்துல ஞாபகத்துக்கே வரல.

அடுத்த மூணு வாரம் ஆபீஸ் ரொம்ப அமைதியா இருந்துச்சு. ஒரு தப்பும் வரல. முதல்ல சந்தோஷமாத்தான் இருந்தேன். ஆனா ஆடிட்ல ஒரு பழக்கம் உண்டு, முந்நூறு வவுச்சர் பார்த்து ஒண்ணுல கூட கையெழுத்துகூட விட்டுப்போகலைன்னா சந்தேகம் வரணும். எட்டு பேர், எழுபது கிளையன்ட், மூணு வாரம், ஜீரோ தப்பு? நடக்காது. ஒருநாள் ஃபைலை எல்லாம் நானே எடுத்துப் பார்த்தேன். அஞ்சு இருந்துச்சு. எல்லாமே பசங்களுக்குத் தெரிஞ்சது. அவங்களுக்குள்ளயே பேசி, அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒட்டுப் போட்டு வெச்சிருந்தாங்க.

அப்போதான் ஆலன் முலாலி கதை ஞாபகம் வந்துச்சு. 2006-ல போயிங்ல இருந்து ஃபோர்டுக்குத் தலைவரா வந்தவர். வாரா வாரம் எல்லா பெரிய அதிகாரிகளும் தங்களோட வேலை நிலவரத்தைக் கலர்ல காட்டணும். சரியா போனா பச்சை, சிக்கல்னா மஞ்சள், சிவப்பு. வாரா வாரம் எல்லாமே பச்சை. கம்பெனி அந்த வருஷம் 1,200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்! இவ்வளவு நஷ்டத்துல எல்லாமே நல்லா போகுதான்னு அவரே கேட்டார். அப்புறம் ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ்ங்கிற அதிகாரி, எட்ஜ் கார் அறிமுகம் சிக்கல்ல இருக்குன்னு சிவப்பு காட்டினார். ரூமே அமைதி, ஆள் காலின்னு எல்லாரும் நினைச்சாங்க. முலாலி கை தட்டினார். யார் உதவி பண்ண முடியும்னு கேட்டார், உடனே ரெண்டு மூணு பேர் முன்வந்தாங்க. அதுக்கப்புறம் வந்த வாரங்கள்ல மத்தவங்க ஸ்லைடுலயும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பிச்சுது.

எனக்குக் கை தட்டற அளவுக்கு மனசு பெரிசு இல்ல, உண்மையைச் சொல்லிடறேன். நான் பண்ணது வேற. திங்கக்கிழமை காலையில பத்து நிமிஷம். ஒவ்வொருத்தரும் போன வாரம் விட்டதை ஒண்ணு சொல்லணும். முதல்ல நான். முதல் வாரம், ஒரு நோட்டீஸுக்குப் பதில் போடற தேதியை ஒரு நாள் தப்பா குறிச்சு வெச்சிருந்ததைச் சொன்னேன். பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அன்னைக்கு யாரும் வாயைத் திறக்கல. அடுத்த வாரம் ஒரே ஒரு பொண்ணு, அதுவும் ரொம்ப சின்ன விஷயம். ஒரு மாசம் ஆச்சு ஒழுங்கா வர.

இன்னொண்ணு, யாராவது தப்பைச் சொன்னதும் என் வாயிலிருந்து வர்ற முதல் வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்: "சரி, இப்போ என்ன பண்ணா நிக்கும்?" ஏன் நடந்துச்சுங்கிற விசாரணை அடுத்த நாள், தனியா, கதவைச் சாத்திட்டு. விசாரணை கண்டிப்பா உண்டு. ஒரே தப்பு மூணாவது தடவைன்னா கோபமும் உண்டு. கத்தாத ஆபீஸ்னா கணக்குக் கேட்காத ஆபீஸ்னு பசங்க எடுத்துக்கக் கூடாது இல்லையா.

மேனேஜர் மோசமானவரா இருந்தா

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும், நியாயமான கேள்வி. சொன்னவன் தலையிலேயே பழியைக் கட்டற ஆபீஸ் இருக்கு. இல்லைன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அங்கயும் சொல்லத்தான் வேணும், ஆனா பேசின கையோட தேதி, நேரத்தோட மெயில் கண்டிப்பா. உங்க தப்பு எது, உங்க கையில இல்லாதது எதுன்னு அதுல பிரிச்சு எழுதுங்க. மத்தவங்க பேரை இழுக்காதீங்க, நடந்ததை மட்டும். அந்த ஆபீஸ்ல ரொம்ப நாள் இருக்காதீங்கங்கிறது தனி அட்வைஸ்.

ஆனா இருக்காதீங்கன்னு சொல்றது சுலபம். 2017-ல நான் ஏன் வாயைத் திறக்கலைன்னு இப்போ யோசிச்சா, அகௌரவம், பேர் இதெல்லாம் தாண்டி ஒரு நம்பர் இருக்கு. என் சேவிங்ஸ் அக்கவுன்ட்ல அன்னைக்கு இருந்தது 11,000 ரூபாய். அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பர்சனல் லோன் இஎம்ஐ 9,400, மாசாமாசம் 5-ம் தேதி. அப்பா ரிட்டயர்ட். வேலை போனா ரெண்டாவது இஎம்ஐ கட்ட வழியில்ல. வேலை போகிற அளவுக்கு அது தப்பே இல்ல, இப்போ தெரியுது. 11,000 ரூபாய் வெச்சிருக்கறவளுக்கு அது தெரியாது. எல்லாமே வேலை போற விஷயமாத்தான் தெரியும்.

எமர்ஜென்சி ஃபண்டுன்னா ஆஸ்பத்திரி செலவுக்கு, வேலை போனா சமாளிக்கன்னு நானே எத்தனையோ வீடியோல சொல்லியிருக்கேன். ஆறு மாசச் செலவு கையில இருக்கறவங்க ஆபீஸ்ல பேசற விதமே வேற. "இந்தத் தேதிக்கு முடியாது சார்"னு நேரா சொல்லுவாங்க. என் கிளையன்ட் கம்பெனிகள்லயே பார்க்கறேன். அதனால ஹைக் கம்மியா வந்திருக்குன்னு எஸ்ஐபியைக் குறைக்கணுமான்னு கேட்டவங்களுக்கு என் பதில்: முதல்ல இந்த ஃபண்ட் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா, ஒரு வருஷத்துக்கு எஸ்ஐபியைக் கொஞ்சம் குறைச்சு அந்தப் பணத்தை லிக்விட் ஃபண்ட்லயோ ஆர்டிலயோ போட்டாலும் தப்பில்ல. அடுத்த வாரம் வீடியோல, 30,000, 50,000, 80,000 சம்பளத்துக்கு இதை எத்தனை மாசத்துல சேர்க்கலாம்னு எக்செல் ஷீட்டோட போட்டுக் காட்டறேன். இஎம்ஐ இருக்கறவங்களுக்குத் தனி கணக்கு, அதுவும் உண்டு.